சட்டம் யார் கையைப் பிடிக்க வேண்டும்?

(பினாங்கு மாநிலத்தின் பத்து காவானில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மக்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிற ஒழுக்க விஷயங்களில் அரசாங்கம் சட்டம் போடலாமா, கூடாதா? இதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் கேள்வி. பல்கலைக்கழகத்தில் பேசுவதாக இருந்தால் தத்துவத்திலிருந்து தொடங்கியிருப்பேன். பத்து காவானில் அப்படித் தொடங்க எனக்கு மனமில்லை. நம் சமூகம் நூறு ஆண்டுக்கு மேலாக வீட்டுக்குள்ளேயே அனுபவித்துவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். அது குடி. அன்றைக்குக் கள், பிறகு சம்சு என்ற மலிவான சாராயம்.

இன்று இரண்டாவது பாலத்தில் ஏறினால் சிறிது நேரத்தில் தீவுக்குப் போய்விடலாம். தொழிற்பேட்டையில் மின்னணு ஆலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. ஆனால் ஜெஜாவி ஆறும் தெங்கா ஆறும் சூழ்ந்த இந்த நிலம் கரும்புக்காடாக இருந்த காலத்திலேயே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம்மவர்களை இந்த வட்டாரத்துக்குக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பயிர் மாறினாலும் லயத்து வாழ்க்கை மாறவில்லை. அந்த வாழ்க்கையில் கோயிலுக்கு ஓர் இடம் இருந்ததுபோலக் கள்ளுக்கடைக்கும் ஓர் இடம் இருந்தது.

அந்தக் கடை யாருடையது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் மலாயாவில் பட்டணத்துக் கள்ளுக்கடைகளை அரசாங்கமே நடத்தியது. பல தோட்டங்களில் நிர்வாகமே உரிமம் வாங்கித் தன் எல்லைக்குள் கடை வைத்திருந்தது. கடையில் வரும் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்று விதியும் எழுதிவைத்தார்கள். இதன் பொருள் என்ன? ஒருவன் காலையில் பால் வெட்டிக் கூலி வாங்குகிறான். அந்தக் கூலியில் ஒரு பங்கு மாலையில் அதே நிர்வாகத்தின் கடைக்குத் திரும்பிப் போகிறது. அதிலிருந்து அவனுக்கு நலத்திட்டம் செய்வதாகச் சொல்கிறார்கள். பிள்ளைக்குப் பால் வாங்க வேண்டிய காசைக் குடியில் கரைத்து, அந்தக் குடியின் லாபத்தில் அதே பிள்ளைக்கு நன்மை செய்வது நலத்திட்டம் ஆகாது. அதைக் கொடுமை என்றே நான் சொல்வேன்.

கடையை ஏன் மூடவில்லை என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. கள்ளை மூடினால் தொழிலாளி திருட்டுச் சம்சுவுக்குப் போய்விடுவான் என்றார்கள். அந்தப் பதிலில் ஓர் உண்மை இருக்கிறது. பிறகு அதற்கு வருகிறேன். ஆனால் அதைச் சொன்னவர்களின் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த உண்மையின் எடை தெரியும்.

தொழிலாளர்கள் வாய்மூடிக் கிடந்தார்கள் என்று நினைக்காதீர்கள். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவிலிருந்து விடுதலை என்று வரிசையாகக் கோரிக்கைகள் வைத்தார்கள். அந்த வரிசையில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. கூலியும் மானமும் கேட்ட அதே மூச்சில் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள் என்றால், அவர்களுக்கு அது தனி ஒழுக்கப் பிரச்சினையாகத் தெரியவில்லை. தங்களை அமுக்கி வைத்திருக்கும் ஏற்பாட்டின் ஓர் உறுப்பாகத் தெரிந்தது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர்கள் செத்தார்கள்.

போர் முடிந்தபின் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. இங்கிருந்து கிழக்கே மாநில எல்லையைத் தாண்டினால் கூலிம். வடக்கே போனால் சுங்கை பட்டாணி, அதையும் தாண்டினால் பீடோங். அந்தக் கெடாத் தோட்டங்களில்தான் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி அதன் தலைவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் அணிவகுத்துப் பழகிய இளைஞர்கள் பலர் அதில் இருந்தார்கள். சுயமரியாதைக் கருத்துகளும் அவர்களை எட்டியிருந்தன. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடும்பச் சச்சரவுகளைத் தீர்த்துவைத்தார்கள், தோட்டத்தில் ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். 1947 மார்ச்சில் பீடோங் பகுதியில் போலீஸோடு மோதல் வந்தது. ஏப்ரலில் கூலிம் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டது. 1948-ல் அவசரகாலம் வந்தபோது இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு மூச்சுவிட இடமே இல்லாமல் போனது.

எங்களைக் குடிக்காமல் இருக்க விடுங்கள் என்று கேட்ட மக்கள் மீது அரசு துப்பாக்கியைத் தூக்கிய வரலாறு இது. ஒழுக்க விஷயத்தில் அரசுக்கு வேலையில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. அரசு அங்கே ஒதுங்கி நிற்கவில்லை. உரிமம் கொடுத்தது, வரி வாங்கியது, கடைக்குக் காவல் நின்றது. கடை திறந்திருப்பதும் ஒரு சட்டத்தால்தான். ஆகவே சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, ஏற்கெனவே இருக்கிற சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்று கேட்பதே முறை.

தொண்டர் படை செய்ததெல்லாம் எனக்கு உடன்பாடு என்றும் நான் சொல்ல மாட்டேன். குடித்துவிட்டு வந்தவரை ஊர் முன்னால் நிறுத்தித் தண்டித்ததும் நடந்தது. நல்ல நோக்கத்தோடு எழுந்த கையாக இருந்தாலும், அடி வாங்கிய முதுகு தொழிலாளியின் முதுகுதான். கடை முன்னால் மறியல் செய்த தொண்டனை நான் வணங்குகிறேன். குடித்தவனை அடித்த தொண்டனை வணங்க மாட்டேன். இந்த வேறுபாட்டைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

சரி, அவர்கள் கேட்ட சட்டம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்குத் தமிழ்நாட்டைப் பார்க்க வேண்டும்.

பெரியார் ஈ.வெ.ரா. 1921-ல் காங்கிரஸ்காரராக இருந்தபோது, கள்ளுக்குப் பயன்படக்கூடாது என்று தம் சொந்தத் தோப்பின் தென்னை மரங்களை நூற்றுக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார். அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கினார்கள். மறியலை நிறுத்துவது ஈரோட்டிலுள்ள அந்த இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தியார் சொன்னதாக இன்றுவரை பேசப்படுகிறது. அந்தப் பெரியார் 1929 இறுதியில் பினாங்கில்தான் கப்பலிலிருந்து இறங்கி மலாயா முழுதும் பேசினார். சட்டம் போட்டுக் குடியை ஒழிக்க முடியாது, மனிதனின் விருப்பத்தில் அரசு இப்படிக் கைவைப்பது சரியில்லை என்று பிற்காலத்தில் மதுவிலக்கை எதிர்த்து வாதாடியவரும் அதே பெரியார்தான். பலர் இதை முரண்பாடு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் மரத்தை வெட்டுவது ஒன்று, ஊரான் மரத்தை வெட்டப் போலீஸை அனுப்புவது வேறொன்று. இரண்டையும் அவர் பிரித்துப் பார்த்தார்.

ராஜாஜி வேறு வழியைத் தேர்ந்தார். சென்னை மாகாணப் பிரதமராக 1937 அக்டோபர் முதல் தேதி தம் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த கள் வருவாயை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். குடி ஒழிய வேண்டும் என்று சொன்னவர் குடியின் வருமானத்தையும் கைவிட்டார். 1948-க்குள் மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தது. முதல் நாட்களில் வீட்டுப் பெண்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள் என்று அக்காலத்தைக் கண்டவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் காலப்போக்கில் பணக்காரருக்கு மருத்துவ அனுமதிச் சீட்டு கிடைத்தது, ஏழைக்குக் கள்ளச்சாராயம் கிடைத்தது. மரம் ஏறிப் பிழைத்த குடும்பங்கள் ஒரே கையெழுத்தில் குற்றவாளிகள் ஆயின. 1971-ல் கலைஞர் அரசு தடையை விலக்கியது, சில ஆண்டுகளில் மீண்டும் போட்டது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981-ல் தடை விலகியது, 1983-ல் டாஸ்மாக் என்ற அரசு மது நிறுவனம் பிறந்தது. 2003-ல் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் அந்த நிறுவனத்திடமே கொடுத்தது.

இன்றைய நிலைமையை எண்ணிப் பாருங்கள். பனையேறி இறக்கும் கள் அங்கே குற்றம். அரசுக் கடையில் விற்கும் பிராந்தி வருமானம். 2023-24 நிதியாண்டில் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கடையை நடத்தும் மாநிலத்தின் சட்டப் புத்தகத்தில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. பெயர் ஒழுக்கத்துக்கு, பணம் கருவூலத்துக்கு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகள். அரசுக் கடைச் சரக்குக்குக் காசு போதாதவர்கள் மலிவான பாக்கெட்டைத் தேடிப் போனார்கள். கண் பார்வை போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் துடித்துச் செத்தார்கள். சட்டம் அங்கே இல்லாமல் இல்லை. அதே மாத இறுதியில் சட்டமன்றம் ஆயுள் தண்டனை வரை தண்டனையைக் கூட்டவும் செய்தது. நம் நாட்டிலும் 2018-ல் சிலாங்கூரில் போலி மதுவால் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்கள். மதுவிலக்கு இல்லாத சிலாங்கூரிலும் இது நடந்தது என்பதை மறைத்துவிட்டு நான் பேச முடியாது. விலை எட்டாமல் போனால் போதும், விஷம் விற்பவன் வந்துவிடுகிறான். கள்ளை மூடினால் சம்சுவுக்குப் போவான் என்று வெள்ளைக்காரன் சொன்னதில் இருந்த உண்மை இதுதான்.

ஆந்திராவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அது என்னை மிகவும் பாதித்த கதை. நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம். 1990களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு இயக்கத்தின் இரவு வகுப்பு நடந்தது. வயது வந்த பெண்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாடப் புத்தகத்தில், குடியால் அழியும் ஒரு குடும்பத்தைப் பற்றிய பாடம் இருந்தது. படித்தவர்கள் அது தங்கள் வீட்டுக் கதை என்று கண்டுகொண்டார்கள். ரோசம்மா என்ற பெண்ணின் பெயர் அப்போதுதான் வெளியே வந்தது. பெண்கள் திரண்டு ஊரின் சாராயக் கடையை மூடவைத்தார்கள். 1992-ல் மாவட்டம் முழுதும் பெண்கள் சாராய ஏலத்தையே நடத்தவிடாமல் தடுத்தார்கள். மாநிலமே அதிர்ந்தது. 1995 ஜனவரியில் என்.டி. ராமராவ் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1997-ல் அது தளர்த்தப்பட்டது. பெண்கள் தாங்களே காவல் நின்றபோது கடை திறக்கவில்லை. அந்தக் காவலைச் சட்டத்திடமும் போலீஸிடமும் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனபிறகு எல்லை தாண்டி லாரி வந்தது. பீகாரிலும் பெண்களின் கோரிக்கையை ஏற்று 2016-ல் மதுவிலக்கு வந்தது. சிறைகள் ஏழைகளால் நிரம்பின. 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்தன.

இங்கே ஒருவர் எழுந்து வள்ளுவரே கள்ளுண்ணாமை பாடியிருக்கிறாரே என்று கேட்கலாம். பாடியிருக்கிறார். ஆனால் அந்த அதிகாரம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அது பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவில் இருக்கிறது. மனிதனின் வாழ்வையும் செல்வத்தையும் நட்பையும் குலைப்பவை என்று அவற்றை ஒன்றாக வைத்தார். பத்துக் குறளையும் படித்துப் பாருங்கள். தாய் முகத்தைப் பார் என்கிறார், சான்றோர் என்ன நினைப்பார்கள் என்று கேட்கிறார், நாணம் உன்னைவிட்டுப் போய்விடும் என்கிறார். மன்னன் குடிப்பவனைத் தண்டிக்க வேண்டும் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. தண்டிக்கத் தெரியாதவரும் அல்லர் அவர். செங்கோன்மையில் கொலைகாரரை மன்னன் ஒறுப்பதைப் பயிருக்குக் களை எடுப்பதோடு ஒப்பிடுகிறார். கொலைக்கு மன்னனின் கை, குடிக்குத் தாயின் முகம். இந்தப் பகுப்பைவிடத் தெளிவான ஒன்றை வேறு எங்கும் நான் படித்ததில்லை. அதற்கு முந்தைய சங்கப் பாடல்களிலோ அதியமானும் ஔவையும் கள்ளைப் பகிர்ந்துகொள்வதில் எந்தக் கூச்சமும் இல்லை. ஒரே மொழி பேசிய ஒரே சமூகத்திலும் ஒழுக்கம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஒரு தலைமுறையின் மனத்தைச் சட்டமாக்கி அடுத்த தலைமுறையின் கழுத்தில் கட்டுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே கேள்வி இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் ஒருவருக்குப் பாவமானது அடுத்த வீட்டுக்காரருக்குச் சடங்காகவோ பழக்கமாகவோ இருக்கிறது. 2009-ல் பகாங்கில் பீர் குடித்த ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு ஷரியா நீதிமன்றம் ஆறு பிரம்படி விதித்தது. உலகமே பேசியது. 2010-ல் பகாங் சுல்தான் அதைச் சமூக சேவையாக மாற்றினார். இஸ்லாமியச் சகோதர சகோதரிகள் தங்கள் சமயத்தை எப்படிக் காக்க வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவர்களுக்குள்ளேயே அன்று எத்தனை கருத்துகள் எழுந்தன என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். 2024 பிப்ரவரி 9-ல் கூட்டரசு நீதிமன்றம் கிளந்தான் ஷரியா குற்றவியல் சட்டத்தின் 16 பிரிவுகளை ரத்து செய்தது. அப்போதைய தலைமை நீதிபதி தெங்கு மைமூன் துவான் மாட் தலைமையில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த வழக்கு அது. அந்தச் செயல்கள் நல்லவையா கெட்டவையா என்று நீதிமன்றம் ஆராயவில்லை. அப்படிச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலத்துக்கா, நாடாளுமன்றத்துக்கா என்றே பார்த்தது. ஒழுக்கத்தைப் பற்றிய சண்டைகள் பல நேரங்களில் அதிகாரத்தைப் பற்றிய சண்டைகளாகத்தான் முடிகின்றன.

2023 முதல் பக்கத்துக் கெடாவில் நம்பர் சூதாட்டக் கடைகளுக்கு உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. நம்மில் பலர் கோபப்பட்டோம், மற்றவர்களின் ஒழுக்கத்தை நம் மேல் திணிக்கிறார்கள் என்றோம். அதே கெடாவில் 1947-ல் நம் தாத்தாக்கள் கள்ளுக்கடையை மூடு என்று உயிர் கொடுத்தார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக நெஞ்சில் வைத்துப் பாருங்கள். சூதால் கெட்ட குடும்பங்கள் நம்மிடம் இல்லையா? இருக்கின்றன. பிறகு கோபம் எதற்கு? அந்த முடிவில் நம்மை யாரும் கேட்கவில்லை என்பதற்காக. தடை கேட்டவர்கள் தங்கள் மீதே தடையைக் கேட்டார்கள் என்பதுதான் 1947-க்கு இருந்த அறவலிமை. சட்டத்தின் சுமையைத் தாங்கப் போகிறவர்கள் அதைக் கேட்கிறார்களா, தாங்காதவர்கள் விதிக்கிறார்களா என்பது சிறிய வேறுபாடு அல்ல.

அப்படியானால் ஒழுக்கம் பற்றிய எந்தச் சட்டமும் கூடாதா? அந்த முடிவுக்கு நான் வரமாட்டேன். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் இந்து ஆண் ஒருவன் இரண்டு மூன்று பெண்களை மணக்கலாம், பதிவும் தேவையில்லை. பெற்றோர் வைத்த விருந்தும் கட்டிய தாலியும் போதும். கைவிடப்பட்ட மூத்த மனைவிக்கு நீதிமன்றத்தில் காட்ட ஒரு தாள்கூட இருக்காது. ஒருவனுக்கு ஒருத்தி என்று சட்டம் சொன்னபோது, வழக்கத்தில் கைவைக்கிறார்கள் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். இன்று இந்தக் கூட்டத்தில் அந்தச் சட்டத்தை எடுத்துவிடு என்று கேட்க ஒருவராவது இருப்பாரா? 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்தது. புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று ஊர் ஒதுங்கி நின்ற இடத்தில் அது நுழைந்தது. எல்லா மதத்தினருக்கும் அது பொது. 1939-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்தபோதும் பெரும்பான்மையின் ஒழுக்க உணர்வு புண்பட்டது என்றார்கள். சட்டம் அங்கே பெரும்பான்மைக்கு எதிராக நின்று காத்தது.

பத்து காவானின் நாடாளுமன்ற உறுப்பினராக 2013 முதல் 2022 வரை இருந்த கஸ்தூரி பட்டு, குழந்தைத் திருமணத்தை நிறுத்தக் குரல் கொடுத்தவர். முஸ்லிம் அல்லாத பெண் பிள்ளைக்கும் 16 வயதில் முதலமைச்சரின் அனுமதியோடு திருமணம் செய்விக்க நம் சட்டத்தில் இன்னும் வழி இருக்கிறது. இதைப் பிளவுபடுத்தும் விஷயம் என்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளையின் இடத்தில் நின்று பார்த்தால் எனக்கு அதில் பிளவு எதுவும் தெரியவில்லை.

ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் சுதந்திரம் பற்றிய தம் நூலில், அமெரிக்காவின் மேய்ன் மாநில மதுவிலக்கை எடுத்துக்கொண்டு வாதிட்டார். பிறருக்குத் தீங்கு வராதவரை தனிமனிதனை விட்டுவிடு என்பது அவர் கட்சி. நூறாண்டு கழித்து, 1959-ல் பாட்ரிக் டெவ்லின் என்ற நீதிபதி, பொது ஒழுக்கம் இல்லாமல் சமூகமே நிற்காது, ஆகவே சட்டம் அதைக் காக்கலாம் என்றார். அந்த விவாதம் இன்றும் சட்டக் கல்லூரிகளில் ஓய்ந்தபாடில்லை. என் மனம் மில் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் ஓரிடத்தில் அவரோடு வர முடியவில்லை. நாங்கள் விற்பவனைத்தானே தடுக்கிறோம், குடிப்பவனை அல்லவே என்று மதுவிலக்குக்காரர்கள் சொன்னபோது, விற்பவனைத் தடுப்பது வாங்குபவனைத் தடுப்பதே என்று அவர் மறுத்தார். சந்தையில் சமமாக நிற்கிற இருவருக்கு அது பொருந்தும். கூலி கொடுப்பவனே கள்ளும் விற்கிற தோட்டத்தை மில் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே வாங்குபவனின் விருப்பம் என்று சொல்வதில் பாதி, விற்பவன் வளர்த்த பழக்கம்.

அதனால்தான் எனக்குப் பிடித்த சட்டம் பெரிய முழக்கம் இல்லாத ஒன்று. நம் சுகாதார அமைச்சின் உணவு விதிமுறைகளில் 2016-ல் திருத்தம் செய்தார்கள். அது 2017 டிசம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. மது வாங்கும் வயது 18-லிருந்து 21 ஆனது. எச்சரிக்கை வாசகம் கட்டாயம் ஆனது. சம்சு வகைக் கலப்பு மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறைந்த போத்தலில் விற்கக்கூடாது என்றும் விதி வந்தது. இந்தக் கடைசி வரி முக்கியமானது. தோட்டத்திலும் பட்டணத்து அடுக்குமாடியிலும் நம் குடும்பங்களை அரித்தது, சட்டைப் பையில் அடங்குகிற, நாள்கூலியில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிற குட்டிப் போத்தல். விதி எந்தக் குடிகாரனையும் தொடவில்லை. ஏழையின் சட்டைப் பையைக் குறிவைத்து வியாபாரம் செய்தவனின் கையைப் பிடித்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பல ஆண்டுகள் சம்சுவுக்கு எதிராகக் கத்திக் கத்தித்தான் இந்த விஷயம் பொதுப் பேச்சில் இருந்தது. ஒரு முஸ்லிம் தலைவர், பாதிக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளிக்காகப் பேசினார். அவர் யாரையும் பாவி என்று சொல்லவில்லை.

2020-ல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டி உயிர்ப்பலி வாங்கியவருக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை என்று ஆனபோதும் மதம், இனம் பார்த்து யாரும் சண்டை போடவில்லை. வீட்டில் குடித்துவிட்டுத் தூங்குகிறவனை அது கேட்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தவனைக் கேட்டது. காயம்படுகிறவர் யார், காசு பார்க்கிறவர் யார் என்ற இரண்டையும் பார்த்து எழுதிய சட்டங்கள் பிளவுபட்ட நாட்டிலும் நிற்கின்றன. தூய்மையானவர் யார் என்று கேட்டு எழுதியவை நிற்பதில்லை, நின்றாலும் ஏழை மேல்தான் விழுந்து நிற்கின்றன.

சட்டம் செய்யவே முடியாததும் இருக்கிறது. லயம் போய் அடுக்குமாடி வந்திருக்கிறது. இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வீடு திரும்புகிற இளைஞனுக்குப் பேச ஆள் இல்லை. கோயில் திருவிழாவில் குடித்துவிட்டு வருகிறவரை விரட்டத் தெரிந்த நமக்கு, மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசத் தெரியவில்லை. குடியை நோயாகப் பார்த்து மருத்துவம் கேட்கக் குடும்பங்கள் வெட்கப்படுகின்றன. நாடாளுமன்றத்தில் எத்தனை பிரிவு எழுதினாலும் இந்த வெட்கம் போகாது. அதை நாம்தான் போக்க வேண்டும், அதுவும் பெண்களை முன்னால் வைத்து.

கடைசியாக, செய்யக்கூடிய ஒரு காரியம். 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்படி மதுக்கடைக்கு உரிமம் கொடுப்பதற்கென்றே உரிம வாரியங்கள் இருக்கின்றன. ஒரு கடை எங்கே திறக்கலாம் என்பது தலைநகரில் அல்ல, இந்த வட்டாரத்துக்குள்ளேயே பெரும்பாலும் முடிவாகிறது. அந்த வாரியங்களில் குடியிருப்புப் பெண்களுக்கு இடம் வேண்டும். இது முதல் கோரிக்கை. ஒரு தெருவில் கடைக்கு விண்ணப்பம் வந்தால், அந்தத் தெருவில் வாழ்கிற எல்லா இனத்துக் குடும்பங்களையும் அழைத்துக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். இது இரண்டாவது. மதுவில் வரும் வரியில் ஒரு பங்கை, குடியிலிருந்து மீள விரும்புகிறவர்களுக்கான சிகிச்சைக்காகச் நம் செபராங் பிறை வட்டாரத்துக்கு ஒதுக்க வேண்டும். இது மூன்றாவது. இந்த மூன்றையும் கொண்ட ஒரு மனு வாசல் மேசையில் தமிழிலும் மலாயிலும் இருக்கிறது. படித்துப் பார்த்து, மாற்ற வேண்டியதை ஓரத்தில் எழுதிவிட்டு, உடன்பட்டால் கையெழுத்திடுங்கள். அடுத்த மாதம் சட்டமன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது இந்த ஊர்ப் பெண்கள் சிலராவது உடன் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.